கோழி இறக்கையில் விரல் எண்ணுவது எப்படி: குமரியில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பறவையின் இறக்கை ஒரு கை. தோள், முழங்கை, மணிக்கட்டு, கட்டைவிரல் எல்லாம் அதில் உண்டு. புத்தகப் படத்தில் பார்த்து இதை மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர். எலும்பைக் கையில் எடுத்து எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. நம் மாவட்டத்தில் அதற்கு வேண்டியதெல்லாம் பக்கத்திலேயே கிடைக்கிறது: தெருமுனையில் கோழிக்கடை, பல வீடுகளின் பின்புறத்தில் அடைக்கோழி, தேரூரிலும் சுசீந்திரத்திலும் மணக்குடியிலும் விதவிதமான கால்களோடு பறவைகள். நுண்ணோக்கி எதுவும் தேவையில்லை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பறவை வளர வளர அதன் பல எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாகிவிடும். முற்றிய பறவையை மட்டும் பார்த்து விரல் எண்ணினால் கணக்கு தப்பும். இளம் பறவையில் அந்த ஒட்டு இன்னும் முடிந்திருக்காது. கருவிலோ எல்லாம் தனித்தனியாகவே தோன்றுகின்றன. அதனால் முற்றியது, இளசு, கரு மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கடையில் என்ன கேட்பது

ஒரு பிராய்லர் கோழியின் இறக்கையும் பாதமும், முட்டையிட்டு ஓய்ந்த ஒரு நாட்டுக்கோழியின் இறக்கையும் பாதமும் வேண்டும். பிராய்லர் கடைக்கு வரும்போது அதன் வயது ஏறத்தாழ ஆறு வாரம்தான். உடம்பு பெரிதாக இருந்தாலும் எலும்பு இளசு. நாட்டுக்கோழியை வீட்டில் அறுக்கும்போது எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இறக்கை நுனியையும் பாதத்தையும் கடையில் வெட்டிக் கழிவு வாளியில் போட்டுவிடுவார்கள். நமக்கு வேண்டியதே அந்த நுனிதான். "அண்ணே, எறக்க நுனிய வெட்டாதீங்க, தோலும் உரிக்காண்டாம். காலு நகத்தோட வேணும், பிள்ளைக்கு படிக்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. தோலோடு கேட்பதற்குக் காரணம் உண்டு: தோலை இழுத்து உரிக்கும்போது கட்டைவிரல் பெரும்பாலும் அதோடு போய்விடும்.

வீட்டில் ஒரு பழைய பாத்திரம், சிறு கத்தரிக்கோல், தேய்ந்த டூத்பிரஷ், வெள்ளை அட்டை, பசை, பென்சில் போதும். பச்சைக் கோழியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், பலகையைக் கொதிநீரில் கழுவுவதும் கட்டாயம். பிள்ளைகளை வைத்துச் செய்யும்போது இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சால்மோனெல்லா கிருமி விளையாட்டல்ல.

வேகவைக்கும் முன் இறக்கையை மடக்கி விரியுங்கள்

பச்சை இறக்கையை மேசைமேல் வைத்து, தோள் பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழங்கையை மட்டும் மெல்ல நீட்டுங்கள். நீங்கள் தொடாமலே மணிக்கட்டும் விரியும். முழங்கையை மடக்கினால் மணிக்கட்டும் மடங்கும். முன்கையில் உள்ள ரேடியஸ், அல்னா என்ற இரண்டு எலும்புகளும் ஒன்றை ஒன்று உரசி நகர்வதும் தசைநாண்களின் இழுப்பும் சேர்ந்து இதைச் செய்கின்றன. உங்கள் முன்கையிலும் அதே இரண்டு எலும்புகள்தான் இருக்கின்றன. பறவையில் அல்னா தடித்தது, ரேடியஸ் மெலிந்தது.

இப்போது மணிக்கட்டின் முன்விளிம்பை விரலால் தடவுங்கள். ஒரு சிறு துருத்தல் தட்டுப்படும். அதைத் தனியாக அசைக்க முடியும். கோழியின் கட்டைவிரல் அதுதான். சில கோழிகளில் அதன் நுனியில் குட்டி நகம்கூட இருக்கும். அந்த நகத்தை முதன்முதலில் தொடும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

மணிக்கட்டு மடங்கும் திசையையும் கவனியுங்கள். நம் கை உள்ளங்கைப் பக்கம் எளிதாக மடங்கும். பறவையின் கை சுண்டுவிரல் பக்கமாக, பக்கவாட்டில் மடங்குகிறது. டைனோசர்களைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

இறக்கையை வேகவைப்பது

குக்கரில் வைக்காதீர்கள். விசில் அடித்தால் இளம் எலும்பின் முனையில் உள்ள குருத்தெலும்பு குழைந்துபோகும். திறந்த பாத்திரத்தில், சிறு தீயில், சதை தானாக விலகும்வரை வையுங்கள். நாட்டுக்கோழிக்கு நேரம் கூடுதலாகும். பிறகு சதையைப் பிரித்து, சோப்புத்தூள் கலந்த வெதுவெதுப்பான நீரில் எலும்பை இரவு முழுக்க ஊறவைத்து, பிரஷால் தேய்த்து நிழலில் காயவையுங்கள். எறும்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் எலும்பு அரிசியைவிடச் சற்றுப் பெரியதுதான், எளிதில் தொலைந்துவிடும்.

தோளிலிருந்து வரிசையாக அட்டையில் வையுங்கள். மேற்கை எலும்பு ஒன்று. முன்கையில் இரண்டு. மணிக்கட்டில் தனியாகக் கழன்று வரும் சிறு எலும்புகள் இரண்டு. அதற்கு அடுத்து, நடுவில் நீண்ட இடைவெளியோடு இருக்கும் ஒரு விசித்திர எலும்பு. அதை ஒட்டி விரல்கள்: கட்டைவிரலில் ஒன்று அல்லது இரண்டு எலும்பு, பெரிய விரலில் தெளிவாகத் தெரியும் இரண்டு, கடைசி விரலில் ஒன்று.

அந்த இடைவெளி உள்ள எலும்பில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். நாட்டுக்கோழியில் அது ஒரே துண்டு. எங்கே ஒட்டியது என்று கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பிராய்லரில் அதே எலும்பை விரலால் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் துண்டுகளாகக் கழன்று வரும்: இடைவெளியின் இரு பக்கமும் இருந்தவை இரண்டு உள்ளங்கை எலும்புகள், அவற்றின் தலையில் மூடிபோல் இருந்தது மணிக்கட்டு எலும்பு. நாட்டுக்கோழியின் ஒரே எலும்பு மணிக்கட்டும் உள்ளங்கையும் சேர்ந்து இறுகியது என்பது அப்போது புரியும். இரண்டையும் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

பறக்கும் பெரிய இறகுகள் ஊன்றியிருப்பது இந்தக் கையில்தான். கோழியில் அவை பத்து. குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ வள்ளம் கரைசேரும்போது மேலே சுற்றும் கிருஷ்ணப்பருந்தின் இறக்கை நுனியில் விரல்கள் விரிந்ததுபோல் தெரியுமே, அவை இறகுகள். உண்மையான விரல்கள் அதற்கு உள்ளே, தோலுக்குள் இருக்கின்றன.

பாதம்

முதலில் ஒரு திருத்தம். பறவையின் முட்டி பின்னால் மடங்குவதில்லை. பின்னால் மடங்குவதாகத் தெரிவது கணுக்கால். முட்டி மேலே, இறகுக்குள் இருக்கிறது. கடையில் வெட்டித் தரும் செதில் மூடிய பகுதி முழுவதும் பாதம்தான். கோழி விரல்களை ஊன்றி, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது.

வெட்டிய முனையில் வெள்ளை நரம்புபோல் சில நாண்கள் தெரியும். பின்பக்கத்து நாணை இடுக்கியால் பிடித்து இழுங்கள். விரல்கள் மூடும். முன்பக்கத்து நாணை இழுத்தால் திறக்கும். விரலில் தசை ஏறக்குறைய இல்லை. இழுக்கும் தசையெல்லாம் மேலே காலில் இருக்கிறது.

அடுத்து, விரலை மடக்கி மடக்கி எலும்புகளை எண்ணுங்கள், நக எலும்பையும் சேர்த்து. பின்விரலில் 2. உள்பக்க விரலில் 3. நடுவிரலில் 4. வெளிப்பக்க விரலில் 5. இதை மறக்காதீர்கள். நீளத்தில் நடுவிரல்தான் பெரியது, எலும்பு எண்ணிக்கையில் வெளிவிரல் முந்துகிறது. டைரனோசாரஸ் ரெக்ஸின் பாதத்திலும் அதே 2, 3, 4, 5 வரிசைதான்.

பாதத்தின் நீண்ட எலும்பின் கீழ்முனையில் மூன்று உருண்டைகள் இருக்கும். மூன்று எலும்புகள் ஒட்டியதன் தடயம் அவை. பிராய்லரில் மேல்முனையின் மூடி கழன்று வரும். அது கணுக்கால் எலும்பு. சேவலின் முள்ளை விரலாக எண்ணிவிடாதீர்கள். அதில் மூட்டு கிடையாது.

பாறையில் கிடைத்த கைகள்

இறக்கையும் பாதமும் அட்டையில் ஏறியபின் இதைப் படித்தால் நன்றாக மனதில் நிற்கும். சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய அர்ஜென்டினாவில் வாழ்ந்த ஹெரராசாரஸ் என்ற டைனோசருக்குக் கையில் ஐந்து விரல்கள் இருந்தன. ஆனால் நான்காவதும் ஐந்தாவதும் குறுகிப்போய்விட்டன. பின்வந்த இரைகொல்லி டைனோசர்கள் பலவற்றில் மூன்று விரல்களே மிஞ்சின. 1861இல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புப் பாறையிலிருந்து அறியவந்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவை சுமார் 15 கோடி ஆண்டு பழையது. அதற்கு இறகும் உண்டு, தனித்தனியான மூன்று விரல்களும் உண்டு, ஒவ்வொன்றிலும் நகமும் உண்டு. அதன் கைவிரல்களில் எலும்புகள் கட்டைவிரலிலிருந்து முறையே 2, 3, 4. உங்கள் அட்டையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்: கோழி கடைசி விரலில் மூன்று எலும்புகளை இழந்திருக்கிறது.

1964இல் அமெரிக்காவின் மொன்டானாவில் டெய்னோனைக்கஸ் என்ற இரைகொல்லி டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. 1969இல் ஜான் ஆஸ்ட்ரம் அதை விவரித்தார். அதன் மணிக்கட்டில் அரைவட்ட வடிவில் ஓர் எலும்பு இருந்தது. அதனால் அதன் கை பக்கவாட்டில் மடங்கியது. அதே அமைப்பை ஆர்க்கியாப்டெரிக்ஸிலும் ஆஸ்ட்ரம் கண்டார். பறவைகள் டைனோசர் வழிவந்தவை என்ற கருத்து மீண்டும் உயிர்பெற்றதில் இந்தக் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பிராய்லர் கையில் நீங்கள் கழற்றிய மூடி எலும்பு அந்த அரைவட்டத்தின் இன்றைய வடிவம்.

முட்டையைப் பார்ப்பது

கடை முட்டையில் கரு இருக்காது. பண்ணைகளில் சேவல் இல்லாமல் இடுவிக்கும் முட்டை அது. வீட்டில் சேவலோடு திரியும் கோழியின் முட்டை வேண்டும். அடை வைக்கும் அன்று ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதுங்கள். பேனா மை வேண்டாம், ஓட்டின் துளை வழியே உள்ளே இறங்கலாம். குஞ்சு பொரிக்க 21 நாள்.

ஐந்தாம் நாள் இருட்டியபின் ஒரு முட்டையை எடுத்து அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். விரலால் சுற்றிலும் மூடினால் வெளிச்சம் சிதறாது. கருக்கூடிய முட்டையில் சிலந்தி வலைபோல் சிவப்பு இழைகள் தெரியும், நடுவில் ஒரு கரும்புள்ளி கண். ஏழாம் நாள் வாக்கில் கரு அசைவதையும் பார்க்கலாம். ஒன்றும் தெரியாமல் வெறும் மஞ்சள் நிழலாக இருந்தால் அது கூமுட்டையாகும் முட்டை. ஓரிரு நிமிடத்தில் திரும்ப வைத்துவிடுங்கள். முதல் மூன்று நாளும், 18ஆம் நாளுக்குப் பிறகும் முட்டையைத் தொடவே வேண்டாம். உடைத்துப் பார்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். உள்ளே நடப்பதை ஆய்வகங்களில் ஏற்கெனவே மிக விரிவாகப் பார்த்து எழுதிவிட்டார்கள். 1951இல் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் கோழிக்கருவின் வளர்ச்சியை 46 கட்டங்களாகப் பிரித்தார்கள். இன்றும் அதுதான் எல்லோருக்கும் அளவுகோல்.

தேதி எழுதிய முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லலாம். மூன்றாம் நாள்: உடலின் இரு பக்கமும் கை மொட்டு, கால் மொட்டு எழுகின்றன. ஐந்தாம் நாள்: மொட்டின் முனை தட்டையாக அகல்கிறது. ஆறு, ஏழாம் நாள்: தட்டில் விரல்களுக்கு இடையே பள்ளம் தெரிகிறது. எட்டு, ஒன்பதாம் நாள்: இடைத்தோல் மறைந்து விரல்கள் பிரிகின்றன. விரல் முதலில் குருத்தெலும்பாக உருவாகி, பிறகு எலும்பாகிறது.

மொட்டுக்குள் யார் கட்டளை இடுகிறார்கள்

மொட்டின் விளிம்பில் தடித்த தோல் மேடு ஒன்று உண்டு. 1948இல் ஜான் சாண்டர்ஸ் கோழிக்கருவின் இறக்கை மொட்டிலிருந்து அதை அகற்றினார். மிக இளம் மொட்டில் அகற்றினால் மேற்கை மட்டும் உருவானது. சற்றுத் தாமதித்து அகற்றினால் முன்கையும் வந்தது, விரல் வரவில்லை. கை தோளிலிருந்து நுனியை நோக்கி வளர்கிறது, அதற்கு அந்த மேடு இருந்தாக வேண்டும் என்பது தெளிவானது.

கட்டைவிரல் ஒரு பக்கமும் கடைசி விரல் மறுபக்கமும் வருவது எப்படி? 1968இல் சாண்டர்ஸும் காசலிங்கும் மொட்டின் பின்னோரத்துச் செல்களை எடுத்து இன்னொரு மொட்டின் முன்னோரத்தில் ஒட்டினார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இரட்டை விரல் வரிசையோடு இறக்கை வளர்ந்தது. அந்தச் செல்கள் சுரக்கும் புரதத்தின் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்பது 1993இல் தெரியவந்தது. நம் கையிலும் அதே புரதம்தான் இந்த வேலையைச் செய்கிறது.

இதற்கு ஊரிலேயே சாட்சி உண்டு. அழகுக்காக வளர்க்கும் சில்கி கோழியின் காலைப் பாருங்கள், ஐந்து விரல் இருக்கும். சோனிக் ஹெட்ஜ்ஹாக் ஜீனில் பழுதில்லை. அதைக் கை, கால் மொட்டில் இயக்கும் ஸ்விட்ச் போன்ற டி.என்.ஏ. பகுதி தள்ளி வேறிடத்தில் இருக்கிறது, அதில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம். மனிதர்களில் ஆறு விரலோடு பிறப்போர் சிலருக்கும் அதே பகுதியில் மாற்றம் காணப்படுகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். ஆறு விரல் உள்ள நண்பனை யாரும் கேலி செய்யாமல் இருக்க இது உதவும்.

எந்த மூன்று விரல்?

இது பழைய வழக்கு. கட்டைவிரலை 1 என்று வைத்து எண்ணினால், புதைபடிவங்களின்படி பறவைக் கையில் மிஞ்சியவை 1, 2, 3. கருவில் விரல்கள் முளைக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் அவை 2, 3, 4 போலத் தெரிகின்றன. ஐந்து விரலுக்கான செல் திரட்சிகள் முதலில் தோன்றி, ஓரங்களில் இருப்பவை மறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டின. 1999இல் வாக்னரும் கோத்தியேவும் ஒரு விளக்கம் தந்தார்கள்: இடம் 2, 3, 4 ஆக இருந்தாலும் அங்கே வளரும் விரலின் அடையாளம் ஒரு படி நகர்ந்து 1, 2, 3 ஆகியிருக்கலாம். 2011இல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடைசி விரலாகும் செல்கள் சோனிக் ஹெட்ஜ்ஹாக் சுரக்கும் பின்னோரப் பகுதியிலிருந்து சீக்கிரமே விலகி, மூன்றாம் விரலாகவே வளர்வதைக் காட்டினார்கள். நான் 1, 2, 3 என்றே அட்டையில் எழுதச் சொல்கிறேன். எலும்பு வரலாறும் கருவின் நடத்தையும் சேரும் இடம் அதுதான். காலில் இந்தத் தகராறே இல்லை, அங்கே 1 முதல் 4 வரை.

குளக்கரைக்குப் போகும்போது

பைனாகுலரோடு விடியற்காலையில் தேரூருக்கோ சுசீந்திரத்துக்கோ போங்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. வேம்பனூரும் அதே ஆண்டில். வழக்கமாக எல்லோரும் அலகையும் நிறத்தையும் பார்ப்பார்கள். நீங்கள் காலைப் பாருங்கள்.

முதலில் நீர்க்காகம். மீன்பிடித்தபின் கம்பில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைக்கும். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் அப்போது வரைபடமாகத் தெரியும். வெண்கொக்கு தரையிறங்கும் நொடியில் மணிக்கட்டருகே ஒரு சிறு இறகுக் கற்றை எழும்புகிறதா என்று பாருங்கள். நீங்கள் தடவிப் பார்த்த கட்டைவிரல் அது. வேகம் குறையும்போது இறக்கையின் தூக்குவிசை போய்விடாமல் அது காக்கிறது.

தாமரை இலைமேல் நடக்கும் தாமரைக்கோழியின் விரல்களும் நகங்களும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எடை பரவலாக விழுவதால் இலை அமிழ்வதில்லை. நீலத் தாழைக்கோழி நீண்ட விரலால் தண்டைப் பிடித்துத் தூக்கித் தின்னும். நாமக்கோழியின் விரலில் மடல் மடலாகத் தோல். புள்ளிமூக்கு வாத்துக்கு முன்விரல் மூன்றுக்கும் இடையே தோல். கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் நான்கு விரலையும் சேர்த்துத் தோல்.

வாத்துக்கு அந்தத் தோல் புதிதாக முளைத்ததல்ல. கோழிக்கருவிலும் அது இருந்தது, எட்டாம் நாள் வாக்கில் அந்தச் செல்கள் மடிந்தன. மடியச் சொல்லும் புரதம் பி.எம்.பி. 1996இல் கோழிக்கருவின் காலில் அந்தச் சேதியைத் தடுத்தபோது கோழிக்கும் இடைத்தோல் மிஞ்சியது. வாத்தில் கிரெம்லின் என்ற இன்னொரு புரதம் இயல்பாகவே அந்தத் தடையைச் செய்கிறது என்று 1999இல் கண்டார்கள். வாத்தையும் கோழியையும் ஒரே முற்றத்தில் வளர்க்கும் வீட்டில் இந்த இரண்டு கால்களையும் அருகருகே பார்க்கலாம்.

பழையாறு கடலில் சேரும் மணக்குடியில், நீர் வற்றிய சேற்றில் தடம் பாருங்கள். கொக்கின் தடத்தில் பின்விரல் நீளமாகப் பதியும். நெடுங்கால் உள்ளானுக்குப் பின்விரலே கிடையாது, முன்னே மூன்று கோடு மட்டும். அளவுக்கு ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் அட்டையோடு சேர்த்து வைக்கலாம். கூடு, முட்டை, காட்டுப் பறவையின் எலும்பு எதையும் எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. கோழிக்கடையே நம் தேவைக்குப் போதும்.

திரும்பி வரும் வழியில் தென்னையில் பச்சைக்கிளி இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அதன் விரல் முன்னே இரண்டு, பின்னே இரண்டு. முன்னே இருக்க வேண்டிய வெளிப்பக்க விரல் பின்னால் திரும்பியிருக்கிறது. கிளியின் கருவிலும் அந்த விரல் முதலில் முன்னோக்கியே தோன்றுகிறது. முட்டைக்குள் தசை ஒரு பக்கமாக இழுப்பதால் எலும்பு வளைந்து திரும்புகிறது. கோழியின் பின்விரல் பின்னால் போவதற்கும் கருவின் தசை அசைவு வேண்டும். அந்த அசைவை மருந்தால் நிறுத்திய சோதனையில் விரல் திரும்பவில்லை. ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் கரு அசையும்போது பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்.